சமதரையில் எட்டு விநாடி

தெமோதரை ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறிப்போனால் வரும் தேயிலைத் தோட்டத்தில், பிள்ளை மடுவத்து ஜெனிற்றாவைத் தெரியாதவர்கள் இல்லை. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளைக் காலையில் அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பதினாறு பிள்ளைகள். பதினாறையும் ஒற்றை ஆளாகச் சமாளிக்கிறவளுக்கு வாய் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். அந்த வாயால்தான் அவள் ஒருமுறை வசமாக மாட்டிக்கொண்டாள்.

அழுகிற பிள்ளையை அடக்க அவளிடம் ஒரு வித்தை இருந்தது. பழைய அப்பியாசக் கொப்பியின் மூலையில், பக்கத்துக்குப் பக்கம் ஒரு கோழியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வரைந்து வைத்திருப்பாள். பக்கங்களை விரலால் சரசரவென்று விட்டால் கோழி ஓடும், முட்டையிடும், தன் முட்டையைப் பார்த்துத் தானே பயப்படும். ஒருநாள் மருந்து வாங்கப் பதுளைக்குப் போனவள், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சுவரில் 'கார்ட்டூன் அனிமேஷன் வகுப்பு, சனி பிற்பகல்' என்ற நோட்டீசைப் பார்த்தாள். கோழியை ஓட வைப்பதற்கு இப்படியொரு பெயர் இருக்கிறது, அதை ஒரு தொழிலாகவே செய்கிறார்கள் என்பது முப்பத்திரண்டு வயதில் அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. மருந்தை மறந்துவிட்டு நேரே மாடியேறிப் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வகுப்பு ஒரு டியூஷன் சென்டரின் மேல்மாடி அறையில் நடந்தது. மொத்தம் ஏழு பேர். பெரும்பாலும் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த பிள்ளைகள். கல்யாண அல்பம் செய்கிற விஜேந்திரனைத் தவிர மீசை முளைத்தவர் யாருமில்லை. படிப்பித்தவள் ஜிப்னா. பதுளைப் பெண், இருபத்தைந்து வயது, கொழும்பில் படித்துவிட்டு வந்து வீட்டிலிருந்தே கம்பனிகளுக்குக் கார்ட்டூன் வேலை செய்து கொடுப்பவள். ஜெனிற்றா அவளை 'மிஸ்' என்பாள். அவள் ஜெனிற்றாவை 'அக்கா' என்பாள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இருக்கவில்லை.

முதல் பாடம் துள்ளும் பந்து. அடுத்தது ஒரு கோதுமை மா மூட்டைக்கு உயிர் கொடுப்பது. கையும் காலும் முகமும் இல்லாத மூட்டை, பார்க்கிறவனுக்கு அது சந்தோஷமா துக்கமா என்று தெரிய வேண்டும். மற்றவர்களின் மூட்டைகள் எல்லாம் நடனம் ஆடின. ஜெனிற்றாவின் மூட்டை கியூவில் நின்றது, நின்றபடியே தூங்கி விழுந்தது, பின்னாலிருந்து யாரோ இடித்ததும் திடுக்கிட்டு நிமிர்ந்து தூங்காத மாதிரி நடித்தது. ஜிப்னா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தவழும் குழந்தை என்ற பாடம் வந்தபோது கேட்கவே வேண்டாம். பதினாறு பேரை நாள் முழுக்கப் பார்க்கிறவளுக்கு எந்தக் கை முதலில் போகும், எங்கே வழுக்கும், அழுவதற்கு முன்னால் எவ்வளவு நேரம் யோசிக்கும் என்பதெல்லாம் தண்ணீர்பட்ட பாடு.

கொழும்பில் ஹாட்வெயார் கடையில் நிற்கும் கணவன் ஜொனி, யாரோ பாவித்த லெப்டொப் ஒன்றையும் வரைகிற பலகை ஒன்றையும் தேடிப்பிடித்து அனுப்பினான். ஆறு மாதம் ஒரு சனிக்கிழமையும் தவறாமல் போய் வந்தாள். அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. கொழும்பில் பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் தயாரிக்கும் ஒரு நிறுவனம், வீட்டிலிருந்தபடியே வேலை செய்ய ஜிப்னாவின் வகுப்பிலிருந்து ஒரே ஒருவரை எடுக்கப் போகிறதாம். அதற்கு ஒரு பரீட்சை.

வாய் சும்மா இருக்குமா? மறுநாளே மடுவத்துக்குப் பிள்ளை விட வந்த பெண்களிடம், "அந்த ஒரு ஆளு நாந்தான். வேணும்னா எழுதி வச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டாள். அது பகல் சாப்பாட்டுக்குள் தோட்டத்தின் மூன்று மலைக்கும் பரவியது. ஞாயிறு பூசைக்கு வந்த சாமியாரே, கொழும்பு வேலை எப்போது தொடங்குகிறது என்று விசாரித்தார். இனித் தோற்றால் தோட்டத்தில் தலை காட்ட முடியாது. ஜெனிற்றாவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் உதறல்தான், ஆனால் சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அதைவிட முக்கியமாக, அந்த வேலை அவளுக்கு வேண்டும். சோற்றுக்கு வழியில்லாமல் அல்ல. கோழியை ஓட வைப்பதைப் போல வேறெதுவும் அவளைச் சந்தோஷப்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

ஜெனிற்றாவின் அம்மா மதலேனாவும் அதே வீட்டில்தான் இருந்தாள். கொழுந்தெடுத்து முப்பத்தெட்டு வருஷம். நடையில் அவளை முந்த அந்தத் தோட்டத்தில் இன்னும் ஆள் பிறக்கவில்லை என்பது அவளுடைய பெருமை. கூடையோடு மலையேறும்போது பின்னால் வருகிறவர்களுக்கு மூச்சு வாங்கும். அவள் திரும்பிப் பார்த்து, "என்னா, செத்துட்டீங்களா?" என்று கேட்பாள். வாய் யாரிடமிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

பரீட்சை கேட்பதற்குச் சின்னதாக இருந்தது. வேலை முடிந்து ஒரு மனிதர் களைத்துப்போய்த் தெருவில் நடந்து வீட்டுக்குப் போகிறார். எட்டு விநாடி. அவ்வளவுதான். ஆனால் ஒரு விநாடிக்கு இருபத்துநான்கு படம். பத்து நாள் பாடுபட்டு வரைந்தாள். ஜிப்னா நாலு தரம் ஓட விட்டுப் பார்த்தாள், நன்றாக இருக்கிறது என்றாள், நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டாள்.

பதில் ஒரே வரியில் வந்தது. தெரு தட்டையானது, உங்கள் மனிதர் ஏன் மலை ஏறுகிறார்?

சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் இருவரும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து படம் படமாகப் பார்த்தார்கள். உண்மைதான். சமதரையில் நடக்கிறவனுக்கு முதலில் குதிகால் விழும், பிறகுதான் பாதம் படியும். ஜெனிற்றாவின் மனிதர் விரல்களை முதலில் ஊன்றினார். முழங்காலை வேண்டாத உயரத்துக்குத் தூக்கினார். நெஞ்சு முன்னால் சாய்ந்திருந்தது. காற்சட்டையும் தோள் பையும் போட்டுக்கொண்டு, மேட்டு லய வீடுகளுக்கு ஏறுகிற மாதிரி கொழும்புத் தெருவில் போய்க்கொண்டிருந்தார்.

"நாலு தரம் பாத்தன் அக்கா, எனக்கும் தெரியல்ல" என்றாள் ஜிப்னா. அவளும் பதுளைக்காரிதானே. தன்னுடைய வீட்டுக்கே நாற்பத்தொரு படி ஏற வேண்டும் என்று எண்ணிச் சொன்னாள். ஜெனிற்றாவின் கதை அதைவிட மோசம். பிறந்த லயம் மேட்டில், படித்த பள்ளிக்கூடம் பள்ளத்தில், மடுவம் இரண்டுக்கும் நடுவில். வாழ்நாளில் மனிதர்கள் ஏறுவதையும் இறங்குவதையும்தான் அவள் பார்த்திருக்கிறாள். நடப்பதைப் பார்த்ததே இல்லை. இதை நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் பயம் வந்தது. ஜிப்னா நிறுவனத்தோடு பேசிப் புதன்கிழமை வரை ஒரு தவணை வாங்கிக் கொடுத்தாள்.

நடையைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் தரை வேண்டும். ஞாயிறு காலை பூசை முடிந்த கையோடு தெமோதரை ஸ்டேஷனுக்குப் போய், பிளாட்போம் வாங்கில் உட்கார்ந்துகொண்டு கால்களை மட்டும் பார்த்தாள். சுற்றுலா வந்த வெள்ளைக்காரர்கள் ரயிலை விட்டு இறங்கிக் குதிகாலை டக் டக்கென்று வைத்து நடந்தார்கள். தோட்டத்துச் சனம் இறங்கிச் சமதரையிலேயே முழங்காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் போனது. எழுந்து நடந்து பார்த்தாள். தானும் அப்படித்தான். ஸ்டேஷன் மாஸ்டர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

குதிகால் விஷயம் பிடிபட்டுவிட்டது. ஆனால் பகலில் உட்கார்ந்து வரைந்து ஓட விட்டபோது, எல்லாம் சரியாக இருந்தும் ஆளைக் காணோம். சாவி கொடுத்த பொம்மை நடந்தது. களைத்துப்போன ஒரு மனிதர் சமதரையில் எப்படி நடப்பார்? தோட்டத்தில் சமதரை என்று ஒரே ஒரு இடம்தான் உண்டு. காலையில் ஆட்களை நிற்க வைத்து வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களம். களைத்த ஆளுக்கும் அவளுக்குப் பஞ்சமில்லை. விறகு கொண்டுவந்து போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள்.

மதலேனா முணுமுணுத்துக்கொண்டே களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். ஜெனிற்றா போனில் படம்பிடித்தாள். இன்னொரு தடவை என்றாள். "ஒனக்கு வேற வேலையில்ல" என்றபடி அம்மா திரும்பவும் நடந்தாள்.

வீட்டுக்கு வந்து அதை ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தபோது ஜெனிற்றாவின் கை நின்றுவிட்டது. வலது கால் பதினாலு படத்துக்குத் தரையில் நின்றது. இடது கால் ஒன்பதுதான். மீண்டும் எண்ணினாள். அதே பதினாலு, அதே ஒன்பது. களத்தின் ஓரத்துக்கு வந்து திரும்பும்போது அம்மாவின் கை இடது தொடையை ஒரு முறை அழுத்தியது. அடுத்த கணமே, யாராவது பார்த்துவிடுவார்களோ என்பதுபோலச் சட்டென்று விலகியது.

மலையில் ஏறும்போது எல்லோருக்கும் முழங்கால் மடிந்துதான் இருக்கும், உடம்பு சாய்ந்துதான் இருக்கும். அந்தச் சாய்வுக்குள் இந்த நொண்டல் இத்தனை நாள் ஒளிந்திருந்தது. சமதரையில் ஒளிய இடமில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, ஊரார் நடையை எல்லாம் பிளாட்போமில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பெற்ற தாயின் நடையைப் பார்க்கவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

நேரே போய்க் கேட்டாள். முழங்காலில் ஒன்றுமில்லை, இறக்கத்தில் இறங்கிய சுளுக்கு, எண்ணெய் தேய்த்தால் போய்விடும் என்று மதலேனா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். டாக்டரிடம் போகலாம் என்றால், கால் இல்லாதவளைக் கூட்டிப்போ என்றாள். அதற்குமேல் வற்புறுத்திப் பிரயோசனமில்லை என்று ஜெனிற்றாவுக்குத் தெரியும். நடையில் முதல் ஆள் என்று பெயர் எடுத்தவள் நடக்க முடியவில்லை என்று தன் வாயால் சொல்ல மாட்டாள்.

ஜெனிற்றா லெப்டொப்பைத் திறந்தாள். அம்மாவின் வலியை எடுத்துத் தன் பரீட்சைக்குப் போடுவது சரியா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். பிழை என்றுதான் பட்டது. ஆனால் வாயால் சொல்லி அம்மாவை அசைக்க முடியாது, வரைந்து காட்டினால் ஒருவேளை முடியும் என்றும் பட்டது. வரையத் தொடங்கினாள். காற்சட்டை போட்ட அந்த மனிதருக்குப் பதினாலும் ஒன்பதும் கொடுத்தாள். ஐந்தாவது விநாடியில் கை தொடைக்குப் போயிற்று, உடனே பைக்கு நழுவியது. பிறகு அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நிமிர்ந்து நடந்தார். இந்தத் தடவை ஆள் வந்துவிட்டார் என்று அவளுக்கே தெரிந்தது. யாரிடமும் காட்டிக் கேட்காமல் புதன்கிழமை அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை பகல் ஜிப்னா அவளுக்குப் போன் எடுத்தாள். நீங்கதான் அக்கா, என்றாள். அந்த மனிதர் கையை இழுத்துக்கொள்வதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்களாம். யாரைப் பார்த்து வரைந்தீர்கள் என்று கேட்டார்களாம். பதினாறு பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருந்ததால் ஜெனிற்றாவால் சத்தம் போட முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு மடுவத்துக்குள்ளேயே மூன்று சுற்றுச் சுற்றினாள். மாலையில் பிள்ளை எடுக்க வந்தவர்களிடம், "நான் சொன்னேன்ல?" என்று மட்டும் சொன்னாள். அதுவும் மூன்று மலைக்கும் போயிற்று.

மதலேனா கூடையை இறக்கிவிட்டுக் கால் கழுவி வந்ததும், ஜெனிற்றா அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்து லெப்டொப்பைப் பக்கத்தில் வைத்தாள். மனிதர் நடந்தார். மதலேனா சிரித்தாள். இதற்கா வேலை கொடுக்கிறார்கள் என்று கேட்டாள். இரண்டாம் தடவை ஓடியபோது சிரிப்பு நின்றது. மூன்றாம் தடவை, அந்த மனிதரின் கை தொடைக்குப் போன அதே நேரம் அவளுடைய கையும் போயிற்று. சட்டென்று எடுத்துக்கொண்டாள். மகள் பார்த்துவிட்டாள் என்பதையும் பார்த்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தாள்.

"இந்த ஆளுக்கு முழங்காலு வலிக்குது. வெளிய சொல்லாம மறைக்கிறான்" என்றாள் கடைசியில்.

"ஆமாம்மா. எவ்வளவு நாளாம்?"

"போன கார்த்திகை மழையில தண்ணிக் கான்ல வழுக்குனதுல இருந்து."

ஜெனிற்றா லெப்டொப்பை மூடினாள். "நாளைக்கு நான் காலை பஸ்ஸிலயே பதுளைக்குப் போறேன். வகுப்புக்கு முந்தி அந்த ஆள டாக்டர்கிட்ட காட்டணும்."

மதலேனா கோப்பையைக் கீழே வைத்தாள். எழும்போது கையைத் தொடையில் ஊன்றினாள். இந்தத் தடவை எடுக்கவில்லை.

"பஸ் வரைக்கும் மெதுவாத்தான் வருவேன்" என்றாள். "முந்திக்கிட்டு ஓடாத. பின்னாலயே வா."

மறுநாள் காலை இருவரும் இறங்கினார்கள். பத்து நிமிஷப் பாதைக்கு அரை மணி நேரம் பிடித்தது. வழியில் அவர்களைத் தாண்டிப் போனவர்களுக்கு மதலேனா ஒதுங்கி வழிவிட்டாள்.