தரைத்தளத்திலும் குதிக்காத என் மகள்

எலெக்ட்ரானிக் சிட்டியில் நான்காவது மாடியில் குடியிருக்கிறோம். மூன்று வயது மகள் யாழினி பாட்டுக் கேட்டாலே குதிப்பாள். யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே நான் பயந்து, "குதிக்காதே, கீழ்வீட்டு ஆன்ட்டி திட்டுவாங்க" என்று தினமும் அடக்கினேன். மெல்ல அவள் நுனிக்காலில் நடக்கப் பழகினாள். நல்லபடி வளர்க்கிறேன் என்று பெருமைகூடப் பட்டேன்.

சென்ற மாதம் மழலையர் பள்ளியின் நடன வகுப்பைப் பார்க்கப் பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். மற்ற பிள்ளைகள் தவளைபோலத் தாவ, இவள் மட்டும் சுவரோரமாக நின்றாள்.

"நீயும் குதி, பங்காரா" என்று, தங்கமே எனக் கன்னடத்தில் கொஞ்சினார் மிஸ்.

"கீழ ஆன்ட்டி திட்டுவாங்க."

"இது கிரவுண்ட் ஃப்ளோர்டா! கீழ வெறும் மண்ணுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அன்று மாலையே கீழ்வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். "நான் எப்பம்மா திட்டினேன்? குழந்தை ஆடட்டும், விடு" என்றார் அந்த அம்மா. அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது.

இப்போது யார் பெயரைச் சொல்லியும் மகளை மிரட்டுவதில்லை. தினமும் மாலையில் பாட்டுப் போட்டு, நானே முதலில் குதிக்கிறேன். அவள்தான் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டு, "மெதுவாம்மா" என்கிறாள்.