கத்திரிக்காய்க்கு லாஸ்ட்டிங் எவ்வளவு?

அரை மணி நேரம் நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்கள் நம்ப மாட்டீர்கள். என் வீட்டுக்காரரே நம்பவில்லை. "தூங்கிட்டியா?" என்று கேட்டார். இல்லை ஐயா, முழித்துக்கொண்டுதான் இருந்தேன். பேசினால் வெளியே அனுப்பிவிடுவோம் என்ற கண்டிஷனில்தான் என்னை உள்ளேயே விட்டார்கள்.

இடம் - வேலூரில் ஓர் அரசு அலுவலகம். சமாச்சாரம் - மானியம். உணவு, விவசாயம், உற்பத்தி... இந்த மூன்றில் எதிலாவது புதுமையாக ஒன்றைச் செய்து வைத்திருந்தால், அதைத் தொழிலாக வளர்த்துக்கொள்ள அரசு பணம் தருகிறது. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒரு குழு உட்கார்ந்து கேள்வி கேட்கும். அதில் தேற வேண்டும். அவர்கள் கூப்பிட்டிருந்தது என்னை இல்லை, ஸ்டெல்லாவை. நான் சும்மா துணைக்கு.

ஸ்டெல்லா ஆம்பூரில் எங்கள் தெருக்காரி. ஷூ கம்பெனியில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். போன வருஷம் ஆர்டர் கம்மியாகி, கம்பெனி பாதி லைனை நிறுத்தியபோது அவளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சும்மா இருக்கிற கையா அது? ஞாயிற்றுக்கிழமை பிரியாணி ஆக்குகிற வீடுகளுக்கு, தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் செய்து கொடுக்க ஆரம்பித்தாள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆம்பூரில் பிரியாணி போட்டுவிட்டுக் கத்திரிக்காய் வைக்காவிட்டால், மாப்பிள்ளை இல்லாமல் கல்யாணம் வைத்த மாதிரி. வந்த விருந்தாளி ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் அடுத்த தடவை வர மாட்டார்.

ஸ்டெல்லா செய்வது வேலூரை அடுத்த அணைக்கட்டு ஊர்ப் பக்கம் விளையும் முள்ளுக் கத்திரிக்காயில். காம்பைத் தொட்டால் குத்தும், வாயில் போட்டால் வெண்ணெய். எண்ணெயில் வதக்கி, எள்ளும் வேர்க்கடலையும் அரைத்துப் புளி கரைத்து விட்டு, சுண்ட வைத்து இறக்குவாள். பிரியாணியே இல்லாமல் நான் ஒரு கிண்ணம் காலி செய்திருக்கிறேன். டாக்டரிடம் சொல்லிவிடாதீர்கள்.

அதைப் பாக்கெட்டில் அடைத்து சென்னை, பெங்களூர் என்று அனுப்ப வேண்டும். இதுதான் அவள் ஆசை. ஆனால் கத்திரிக்காய் ஒத்துழைக்கவில்லை! சூட்டோடு அடைத்தால் மறுநாளே தோல் தனி, சதை தனி. ஆற விட்டு அடைத்தாலும் அதே கூழ்தான். எத்தனையோ தடவை கொட்டியிருக்கிறாள். கடைசியில் ஒரு வழி பிடித்தாள். வதக்கின கையோடு காயைச் சட்டென்று ஜில்லாக்கிவிட்டு, அப்புறம் மசாலாவில் போட்டால், காய் காயாகவே நிற்கிறது. ஆறு மாதம் கெடாது என்று டெஸ்ட் செய்த லேபில் எழுதியும் கொடுத்துவிட்டார்கள்.

அவள் கணவன் அருள் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். எங்கோ கழித்துப் போட்ட கூல்டிரிங்ஸ் பெட்டியைத் தூக்கி வந்து பிரித்தான். உள்ளே ஒரு ஃபேன், நடுவில் நகர்கிற ஒரு சின்ன பெல்ட். இந்தப் பக்கம் சூடாக நுழைகிற கத்திரிக்காய் அந்தப் பக்கம் ஜில்லென்று வெளியே வரும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கூடைதான். அதையே பெரிதாக, சுத்தமான ஸ்டீலில் செய்யத்தான் மானியம் கேட்டாள்.

இந்த நேரம் பார்த்துக் கம்பெனியிலிருந்து போன். ஆர்டர் திரும்ப வந்துவிட்டதாம். "ஒண்ணாந்தேதி வந்து ஜாயின் பண்ணிடு ஸ்டெல்லா. இல்லன்னா வேற ஆளப் போட்டுடுவேன்" என்று லைன் மேனேஜர் சொல்லிவிட்டார். ஆக, மானியம் வந்தால் கத்திரிக்காய். வராவிட்டால் காலையில் ஷிஃப்ட் பஸ்.

"கம்பெனிய கொற சொல்லலக்கா. சம்பளம் கரெக்டா வரும். ஆனா அது அவங்களுது. என்னுதுன்னு ஒண்ணு வேணும்க்கா" என்றாள் ஸ்டெல்லா.

விண்ணப்பம் போடும்போது உணவா, விவசாயமா, உற்பத்தியா என்று ஒரு கேள்வி. "திங்கிற பொருளை வேற எதுல போடுவே? உணவுதான்" என்று அடித்துச் சொன்னது சாட்சாத் நான்தான்.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் ஸ்டெல்லா ஒரு சந்தேகத்தோடு வந்தாள்.

"எல்லாத்துலயும் இன்னோவேஷன், இன்னோவேஷன்னு போட்டிருக்கே... இன்னாக்கா அது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அருள் முந்திக்கொண்டான். "இன்னா வேஷமா? இன்னா வேஷம் போடணுமாம்?"

"நீ வேற பேஜார் பண்ணாத" என்று அவனை அடக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"புதுமைம்மா. உலகத்துல இதுவரைக்கும் யாரும் செய்யாத ஒண்ணு" என்றேன். அவள் முகம் சுண்டிவிட்டது. "கத்திரிக்காயில இன்னாக்கா புதுசு இருக்குது? ஆதாமும் ஏவாளும் துன்னிருப்பாங்க" என்றாள். நியாயமான கேள்வி. பதில் தெரிந்த மாதிரி தலையை மட்டும் ஆட்டி வைத்தேன்.

குழுவில் மூன்று பேர். தலைவர் வயதானவர், சாந்தமான முகம். பக்கத்தில் உணவு விஞ்ஞானம் படித்த ஓர் அம்மா. அந்தப் பக்கம் ஒல்லியாக ஒருவர், தொழில்துறையாம். ஸ்டெல்லா கும்பிட்டுவிட்டுப் பாக்கெட்டைப் பிரித்து, மூன்று கிண்ணங்களில் போட்டு நீட்டினாள். ஒல்லிக்காரர் உடனே ஸ்பூனை எடுத்துவிட்டார். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

தலைவரும் ஒரு வாய் சாப்பிட்டார். தலையாட்டினார். பிறகு கேட்டார்:

"டேஸ்ட் நல்லா இருக்கும்மா. லாஸ்ட்டிங் எவ்வளவு?"

எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பதுதான் கேள்வி. உங்களுக்கும் எனக்கும் அது புரிகிறது. ஆனால் ஷூ கம்பெனியில் 'லாஸ்ட்டிங்' என்றால் ஒரு செக்‌ஷன்! கால் வடிவத்தில் ஓர் அச்சு இருக்கும். அதன்மேல் ஷூவின் மேல்தோலை இழுத்துப் போர்த்தி ஒட்டுகிற இடம். ஸ்டெல்லா வேலை பார்த்ததே அங்கேதான். அவள் நிமிர்ந்து நின்றாள்.

"லாஸ்ட்டிங்ல பதினோரு வருஷம் சார்!"

தலைவர் கிண்ணத்தைப் பார்த்தார். ஸ்டெல்லாவைப் பார்த்தார். மறுபடி கிண்ணத்தைப் பார்த்தார்.

"பதினோரு வருஷமா... இதுவா?"

"ஆமா சார். ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்தது கெடையாது. எல்லாம் எக்ஸ்போர்ட். ஜெர்மனிக்கே போச்சு சார்."

"ஜெர்மனிக்கா?!" இது விஞ்ஞான அம்மா.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அய்யோ, சொல்லவும் முடியாது, சிரிக்கவும் முடியாது. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். தலைவர் விடவில்லை.

"அவ்வளவு நாள் எப்படிம்மா நிக்குது? என்ன சேர்க்கறீங்க?"

"மொதல்ல நல்லா இழுத்துப் புடிச்சு, கம் போட்டு ஒட்டிடுவோம் சார். அப்புறம் ஹீட்டு காட்டுவோம். அந்தச் சூட்டோட சில்லருக்குள்ள அனுப்பிட்டோம்னா, அவ்ளோதான். மிதிச்சாலும் ஒண்ணும் ஆவாது!"

ஒல்லிக்காரர் இரண்டாவது கத்திரிக்காயைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்படியே நிறுத்திவிட்டார். முழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. பாவம், அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

முதலில் சுதாரித்தது விஞ்ஞான அம்மாதான். "ஒரு நிமிஷம்மா. நீங்க இதுக்கு முன்னாடி எங்க வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். ஸ்டெல்லா சொன்னாள். அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள்... கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் சிரித்தார். தலைவருக்கு விளக்கிச் சொன்னதும் அவரும் சிரித்தார். ஒல்லிக்காரர் முழுங்கினார்.

ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. காது மடல் சிவந்து நின்றாள். எல்லாம் போச்சு என்று நினைத்துவிட்டாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

"அப்ப இந்தக் கத்திரிக்காயை ஜில்லாக்கறதும் அங்க பார்த்ததுதானா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஆமா மேடம். தோலைச் சூடு பண்ணி இழுத்து அப்படியே உட்டா மறுபடி சுருங்கிடும். உடனே ஜில்லுன்னு ஆக்கினாத்தான் ஷேப் நிக்கும். கத்திரிக்காய் கொழஞ்சு போனப்ப அதான் ஞாபகம் வந்துச்சு. இதுக்கும் தோலுதானே மேடம்?"

சிரிப்பு நின்றுவிட்டது. அருள் செய்த பெட்டியின் போட்டோவை வாங்கி மூன்று பேரும் பார்த்தார்கள். தங்களுக்குள் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். பிறகு அந்த அம்மா சொன்னார்: "காயை வேகவெச்சதும் குளிர வைக்கறது பெரிய ஃபேக்டரில எல்லாம் செய்யறதுதாம்மா. உணவுன்னு பார்த்தா இதுல புதுசு இல்ல. ஆனா இவ்வளவு சின்னதா, கம்மி செலவுல, வீட்டுல வெச்சு ஓட்டற மாதிரி ஒரு பெட்டி... அதுதான் புதுசு. நீங்க தப்பான பிரிவுல வந்துட்டீங்க. இது உற்பத்தி. பக்கத்து ரூம்ல அந்தக் குழு உட்கார்ந்திருக்கு. நான் அவங்ககிட்ட சொல்றேன், இன்னிக்கே பாத்துடுங்க."

தப்பான பிரிவு... யார் சொல்லி என்று உங்களுக்குத் தெரியும். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

சந்தோஷமாகப் போவாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் வராந்தாவுக்கு வந்ததும் ஸ்டெல்லா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர்.

"இன்னாக்கா இது? அந்தக் கம்பெனிய உட்டு வெளிய வரணும்னுதானே இதப் போட்டேன். சமையல்காரின்னு ஒத்துக்கினா போதும்னு வந்தேன். இங்கயும் நீ மெஷின்காரிதான், அந்த ரூமுக்குப் போன்னு சொல்றாங்களே!"

என் மனசு கலங்கிப்போனது. ஊருக்கெல்லாம் உபதேசம் எழுதுகிறவள் நான். பைக்குள் கையை விட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். அவள் குடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்து ரூம் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"போவட்டும்க்கா. கத்திரிக்காய்க்குத் தெரியுமா எந்த ரூம்னு?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். இந்தத் தடவை என்னைத் துணைக்குக் கூப்பிடவில்லை. நான் வெளியிலேயே இருந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒரே யோசனை. புதுசு, புதுசு என்று கேட்டால், நாம் என்ன நினைக்கிறோம்? ஆகாயத்திலிருந்து குதிக்க வேண்டும் என்று நினைக்கிறோம். அப்படியெல்லாம் ஒன்றும் குதிப்பதில்லை. ஓரிடத்தில் எல்லோருக்கும் பழகிப்போன ஒரு வேலை, இன்னோர் இடத்துக்குப் போனால் அங்கே அது புதுசு. பிறந்த வீட்டில் பார்த்துப் பார்த்துச் சலித்த பெண், புகுந்த வீட்டில் புதுப்பெண் ஆகிவிடுகிறாளே, அப்படித்தான்! பதினோரு வருஷம் வீணாய்ப் போயிற்று என்று ஸ்டெல்லா நினைத்துக்கொண்டிருந்தாள். வீணாய்ப் போகவில்லை, கூடவே வந்திருக்கிறது. பஸ்ஸில் இதையெல்லாம் அவளிடம் சொல்லலாம் என்று திரும்பினால், வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

இந்தப் புதன்கிழமை மானியம் சாங்ஷன் ஆனதாகத் தகவல் வந்தது. உற்பத்திப் பிரிவில்தான். ஸ்டெல்லா முதலில் சொன்னது அருளிடம், இரண்டாவது என்னிடம். நான் சத்தம் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

நேற்று அவள் வீட்டில் கத்திரிக்காய்க்குக் காம்பு நறுக்கிக்கொண்டிருந்தோம். நான் நறுக்கினேன் என்று சொல்ல முடியாது, முள் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது லைன் மேனேஜர் போன் செய்தார். கையெல்லாம் காய்க்கறை என்பதால் ஸ்டெல்லா ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னாம்மா ஸ்டெல்லா, ஒண்ணாந்தேதி வர்றே இல்ல? உன் எடத்துல இன்னும் ஆள் போடல."

ஸ்டெல்லா கையைத் துடைத்துக்கொண்டாள். நானும் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். மாதா மாதம் கரெக்டாக வருகிற சம்பளம் அல்லவா? பிறகு நிதானமாகச் சொன்னாள்:

"வரல சார். இங்க எனக்கே ஆள் பத்தல. உங்க லைன்ல நல்ல பொண்ணுங்களா ரெண்டு பேர் இருந்தா அனுப்புங்களேன்!"

அந்தப் பக்கம் ரொம்ப நேரத்துக்குச் சத்தமே இல்லை. நெட்வொர்க் பிரச்சினையாக இருக்கும்!