இளைப்புக்கு அல்ல

மாலை மணி நாலு பத்து. மகளுக்கு மாலை வேளை மருந்துப் பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, பள்ளிச் சட்டை ஒன்றுக்குக் காலர் வைக்க உட்கார்ந்தபோது தையல்காரம்மாவின் கைப்பேசி அடித்தது. குழந்தைகள் மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்க்கும் பெண்தான் பேசினாள். கண்ணாடி போடாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. அதனால் மகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் கண்ணாடி அத்தை.

"அக்கா, பொடி சார் போயிட்டார். மதியம் சாப்பிட்டு வந்து மேசையில உட்கார்ந்தார். எழுதிட்டே இருந்தவர் அப்படியே சாய்ஞ்சுட்டார்."

தையல்காரம்மாவின் கண் முதலில் போனது அலமாரி மேலிருந்த டப்பாவுக்குத்தான். உள்ளே பதினோரு பொட்டலங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வீதம் ஐந்தரை நாள். ஒரு மனிதர் போய்விட்டார் என்ற செய்தி காதில் விழுகிறபோதே பொட்டலத்தை எண்ணுகிற மனசை நினைத்து அவளுக்கே கூசியது. ஆனால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. அந்த மருந்து எந்தக் கடையிலும் கிடைக்காது. அதைச் செய்த கை அவர் ஒருவருடையதுதான்.

ஐந்து வருடங்களுக்கு முன், மகளுக்கு நாலு வயதில், வெயில் சாயச் சாய அவள் இமைகள் தாமாக மூடிக்கொள்ளும். கழுத்து தொங்கும். சோற்றை மெல்ல முடியாமல் வாயிலேயே வைத்திருப்பாள். சோம்பேறிப் பிள்ளை என்று சொன்னவர்கள் உண்டு. கடைசியில் நரம்பு டாக்டரம்மா ஒருவர் அது என்ன நோய் என்று கண்டுபிடித்தார். அபூர்வ நோய். அந்த மருத்துவமனைக்கே இவள் ஒருத்திதான். எழுதிக் கொடுத்ததோ மூச்சு இளைப்புக்குக் காலங்காலமாகக் கொடுத்துவரும் சாதாரண மாத்திரை.

மருந்தகத்தில் சீட்டை வாங்கிப் பார்த்தவர் பொடி சார். பெரியவர்கள் மாத்திரையை அரைத்துக் குழந்தைகளுக்கு அளவு பிரித்துக் கொடுப்பதே அவர் வேலை. சட்டைக் கை எப்போதும் வெள்ளையாக இருக்கும். மூக்குப்பொடி போடுகிறவர் என்று நினைத்து ஒதுங்கி நின்றவர்களும் இருந்தார்கள்.

"பிள்ளைக்கு இளைப்பு உண்டா?"

"இல்லைங்க சார்."

"இருமல்?"

"அதுவும் இல்ல."

"அப்ப இது எதுக்கு? டாக்டரம்மா வேற யார் சீட்டையோ மாத்திக் குடுத்துட்டாங்க. போய்க் கேட்டுட்டு வாங்க."

சீட்டின் ஓரத்தில் 'இளைப்பு இல்லை, மருந்து தவறு' என்று பென்சிலில் எழுதித் திருப்பி அனுப்பினார். இப்படி மூன்று முறை. ஒவ்வொரு முறையும் டாக்டரம்மா மீட்டிங்கிலோ வெளியூரிலோ இருந்தார். ஆறு நாள் போயிற்று. ஆறாம் நாள் குழந்தை தண்ணீர் விழுங்கும்போது புரையேறி நீலம் பாரித்தாள். அன்று டாக்டரம்மாவே மருந்தகத்துக்கு இறங்கி வந்தார்.

"அட்டையில அச்சடிச்சிருக்கிற வேலை மட்டும்தான் மாத்திரைக்குத் தெரியும்னு நினைச்சீங்களா? இவளுக்கு நரம்பு சொல்றது தசைக்குச் சரியாக் கேட்கல. இந்த மாத்திரை அதைக் கொஞ்சம் கேட்க வைக்குது. சந்தேகம்னா என்னைக் கூப்பிட்டிருக்கணும். ஆறு நாள் அலைய விடுறதா?"

பொடி சார் மாத்திரையை அரைத்து, நிறுத்து, மடித்துக் கொடுத்தார். தையல்காரம்மாவைப் பார்த்து, "தப்பு என்னுதும்மா" என்றார்.

மருந்தகத்துக்கு ஒன்பது படி. இரண்டு மாதம் கழித்து மகள் அந்த ஒன்பதையும் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறினாள். பொடி சார் வரிசையை அப்படியே நிறுத்திவிட்டு வெளியே வந்து பார்த்தார்.

"இன்னொரு தடவை ஏறிக் காட்டு."

"நீங்க ஏறுங்க, நான் எண்ணுறேன்" என்றாள் மகள்.

ஏறினார். மூச்சு வாங்கியது. "எனக்குத்தான் இப்ப இளைப்பு மாத்திரை வேணும் போலிருக்கு" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

மூன்றாம் வருடம் கம்பெனி அந்த மாத்திரையை நிறுத்தியது. இளைப்புக்காரர்கள் எல்லோரும் வாயில் வைத்து உறிஞ்சும் மருந்துக்கு மாறிவிட்டார்கள். விழுங்குகிற மாத்திரையை யாருக்காகச் செய்வது? இந்த ஒரு பிள்ளைக்காக பொடி சார் ஊரிலுள்ள கடைகளையெல்லாம் கூப்பிட்டு, மிச்சம் மீதி அட்டைகளைத் தேடி வாங்கினார். அவை தீர்வதற்குள் மூல மருந்தைத் தூளாக வரவழைத்து, பால் சர்க்கரையோடு கலந்து மருந்தகத்திலேயே செய்ய அனுமதி கேட்டு ஆபீஸ் ஆபீஸாக நடந்தார். எட்டு மாதம். கிடைத்தது. மாதம் அறுபது பொட்டலம்.

இடையில் ஒரு தரம், உறவினர் வீட்டுக்குப் போன இடத்தில் மகளுக்குக் காய்ச்சல் வந்து, வேறொரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கிருந்த மருந்தாளர், "பழைய மருந்தும்மா, இதுக்குப் புதுசே வந்திருக்கு" என்று பொட்டலத்தை ஒதுக்கி, உறிஞ்சும் மருந்தைக் கையில் கொடுத்தார். இரண்டு நாள் இமை திறக்கவில்லை. தையல்காரம்மா திரும்பி வந்து பொடி சாரிடம் சொன்னாள். அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொரு பொட்டலத்திலும் சிவப்பு மையில் ஒரு வரி: 'இளைப்புக்கு அல்ல. மாற்ற வேண்டாம்.'

"சார், லேபிள் அடிச்சு ஒட்டிடலாமே. அறுபதுலயும் உட்கார்ந்து எழுதிட்டு..." என்பாள் கண்ணாடி அத்தை.

"அச்சடிச்சதை எங்க தொழில் ஆளுங்க பார்த்ததுமே தெரிஞ்ச மாதிரி நினைச்சுக்குவாங்க. நான் அப்படித்தான் நினைச்சேன். கையெழுத்துன்னா ஒரு நிமிஷம் நின்னு படிப்பாங்க."

மறுநாள் தையல்காரம்மா மகளோடு அவர் வீட்டுக்குப் போனாள். இரண்டு அறை வீடு. அவர் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மகளைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"நீதானா அந்தப் படியேறுற பொண்ணு?"

மகள் தலையாட்டினாள்.

"வீட்ல ஒரு வெங்காயம் நறுக்கச் சொன்னா ஒண்ணு மலை, ஒண்ணு மடு. அங்க போய் உனக்கு மில்லிகிராம் பிசகாம நிறுப்பாராம். கேட்டா, 'வெங்காயம் யாரையும் படியேத்தாது'ன்னுவார்." சொல்லிவிட்டு அழுதார். தையல்காரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அருகில் உட்கார்ந்தாள். மருந்தைப் பற்றி அங்கே வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் டப்பாவில் எட்டு பொட்டலம் இருந்தது. மருந்தகப் படிகளில் மகள் முன்னே ஏற, இவள் பின்னே போனாள். எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்த வார்த்தைகள் கண்ணாடி அத்தையைப் பார்த்ததும் மறந்துபோயின.

"நீங்க கேட்க வேணாம்க்கா. எனக்கும் அதே நினைப்புதான்." அவள் ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினாள். அனுமதிக் கடிதம். "பாருங்க, சார் தன் பேர்ல வாங்கல. மருந்தகத்து பேர்ல வாங்கியிருக்கார். எடை, கலவை, எவ்வளவு நேரம் அரைக்கணும், எல்லாம் தராசுக்குப் பக்கத்துல எழுதி ஒட்டியிருக்கு. நான் செய்வேன். முதல் தடவை ரெண்டு வாட்டி நிறுத்துப் பார்ப்பேன், அவ்வளவுதான்."

தையல்காரம்மா பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மகள் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

கண்ணாடி அத்தை உள்ளே போய் அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். "இந்த மாசத்துக்கு உள்ளதை அவரே மடிச்சு வச்சுட்டார். அன்னிக்கு மதியம் இதுலதான் எழுதிட்டிருந்தார்."

பெட்டியில் அறுபது பொட்டலங்கள் இருந்தன. நாற்பத்தொன்றில் சிவப்பு வரி இருந்தது. பத்தொன்பதில் எழுதியிருக்கவில்லை.