சோப்புத்தூள் பட்ட எட்டுப் பாட்டிலும் மண்டபத்துக் கடலும்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். வருஷம், தூரம் எல்லாம் மறந்தும் போகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள். தொண்ணூற்றாறோ தொண்ணூற்றேழோ, ஒரு பங்குனி மாதம்.

என் தங்கை மகள் பூங்கொடி மண்டபத்தில் கடல்நீரை ஆராய்ந்துகொண்டிருந்தாள். "ஒருக்கா வந்து பாருங்க பெரீம்மா" என்று கடிதம் கடிதமாகப் போட்டாள். அன்னூரில் காலை ஐந்தரைக்குப் பஸ் ஏறினேன். கோயமுத்தூரில் மதுரை பஸ் பிடித்து, பல்லடம், தாராபுரம் தாண்டி, மதுரையில் மாறி, மண்டபத்தில் இறங்கும்போது மாலை ஆறரை. டிக்கெட் எல்லாம் சேர்த்து எழுபது ரூபாய்க்குள்தான் ஆயிற்று. ராமநாதபுரத்துக்கு அப்புறம் பனைமரத்தைத் தவிர பச்சை எதுவும் கண்ணில் படவில்லை.

மறுநாள் காலை ஆறு மணி. பூங்கொடி ஐஸ் வாங்கப் போயிருந்தாள். மேசைமேல் பன்னிரண்டு பிளாஸ்டிக் பாட்டில்கள் கவிழ்த்திருந்தன. மூக்கை அரிக்கும் ஏதோ நெடி. விருந்துக்குப் போன வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வராது. குழாயடியிலிருந்த சோப்புத்தூளைப் போட்டு எட்டுப் பாட்டிலைத் தேய்த்துக் கழுவினேன். தூள் தீர்ந்துபோனதால் நாலு தப்பியது. செய்த வேலையைச் சொல்லிக்காட்டுவது அழகில்லை என்று, எல்லாவற்றையும் மூடிப் பெட்டியில் அடுக்கிவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

ஏழரைக்குப் படகு. ஓட்டியவர் செய்யது என்ற நடுவயதுக்காரர். முயல் தீவுப் பக்கம், கரையிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் என்றார். கடல் கண்ணாடியாக இருந்தது. குனிந்தால் இரண்டு ஆள் ஆழத்தில் பவளப்பாறை: காலிஃபிளவர் போல, மான்கொம்பு போல. நடுவே மஞ்சளும் நீலமுமாக மீன்கள். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சற்றுத் தள்ளி, மரத்தூளைக் கொட்டியதுபோல் ஒரு செம்பழுப்புப் பட்டை மிதந்தது.

"அதென்ன கண்ணு, அழுக்கா?"

"அழுக்கில்லீங்க பெரீம்மா, உசுரு. பொடிப்பொடி நுண்ணுயிரு கோடிக்கணக்குல கூடியிருக்குது. நம்ம கடலைச்செடி வேருல முடிச்சு இருக்குமில்லீங்க? அதாட்டம் இதும் காத்துல இருக்கற நைட்ரஜனை, அதான் தழைச்சத்தைப், புடிச்சுத் தண்ணிக்குக் குடுக்குது."

உரமே போடாத காட்டில் (எங்கள் பக்கம் விளைநிலத்தைக் காடு என்போம்) இத்தனை விளைச்சல் எப்படி என்று எனக்கு விளங்கியது. "அப்ப மூட்டை மூட்டையா உரங் கொட்டுனா இன்னும் நல்லா வருமில்ல?"

"ஐயோ! சத்து மிஞ்சுனா பாசி மண்டிப் பவளத்தை மூடிப்போடுமுங்க. இங்க சத்து அத்தனை கம்மி. அதை அளக்கத்தான் பாட்டிலை அமிலத்துல ஊறவெச்சு எடுத்திருக்கறேன். சோப்புத்தூள் துளி பட்டாலும் போச்சு. அதுல பாஸ்பரஸ், அதான் மணிச்சத்து, இருக்குது, கணக்கே பொய்யாயிரும்."

என் கண் பாட்டில் பெட்டிமேல் போயிற்று. அந்தப் பட்டைக்காக அவள் மூன்று வாரம் காத்திருந்தாள். காற்றுத் திரும்பினால் நாளைக்கு இருக்காது. பழக்கமில்லாத ஆண்பிள்ளை முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவள் பொய்க் கணக்கை மெய்யென்று நம்பி எழுதிவைப்பாள்.

பெட்டியைத் திறந்து முதல் பாட்டிலை எடுத்தாள்.

"கண்ணு, அதுல மொள்ளாதே. நான் சோப்புப் போட்டுக் கழுவிப்போட்டேன்."

அவள் முகம் வாடிவிட்டது. "அல்லாத்தையுமா?"

"எட்டு. உள்ள ஈரமா இருக்கறதெல்லாம். அதோட தூள் தீந்துபோச்சு."

ஒவ்வொரு பாட்டிலாகத் தூக்கி உள்ளே பார்த்தாள். செய்யதுதான் ஆரம்பித்தார்: "தூள் தீந்துச்சோ, பொழைச்சோம். இல்லாட்டி அம்மா கடலையும் கழுவிக் கவுத்திருப்பாக!"

பூங்கொடிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "நாலு இருக்குதில்லீங்க, போதும். பட்டைக்குள்ள ரெண்டு, வெளிய ரெண்டு. ஒப்பிட்டுப் பாத்துக்கலாம்." எனக்கும் கையுறை மாட்டி ஒரு பாட்டிலைத் தந்தாள். கடல்நீராலேயே மூன்று தரம் அலசி, நானே மொண்டு மூடினேன். சமையலில்கூட நான் அவ்வளவு கவனமாக இருந்ததில்லை.

ஊர் திரும்பும்போது தாராபுரத்தருகே ஒரு காட்டில் உரம் வீசிக்கொண்டிருந்தார்கள். இங்கே சத்துப் போதவில்லை என்று கவலை. அங்கே மிஞ்சிவிடக் கூடாதே என்று கவலை. மாதம் ஒன்று கழித்துப் பூங்கொடியிடமிருந்து கடிதம் வந்தது: நாலு பாட்டில் கணக்கும் சுத்தமாக வந்துவிட்டதாம். அதை நான் நாலு தடவை படித்தேன்.

தீவின் பேரும் தூரமும், தழைச்சத்து மணிச்சத்து பற்றி எழுதியதும் சரிதானா என்று விவரம் தெரிந்த யாராவது பார்த்துச் சொல்லுங்கள். தப்பென்றால் நான் வருத்தப்படமாட்டேன். கூச்சப்பட்டுச் சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.