குடிக்காதவன் விட்ட குடி

பெயிண்டர்கள் அவனுக்கு வைத்த பெயர் சாமியார். வேலை முடிந்ததும் மற்றவர்கள் பாட்டிலைத் தேடிப் போவார்கள். இவன் ஒரு டீயைக் குடித்துவிட்டு நேரே வீட்டுக்குப் போவான். அப்படிப்பட்டவனைத் தேடித்தான் ஒரு நோய் வந்தது.

முதலில் தோள் மக்கர் செய்தது. கூரைக்கு ரோலரைத் தூக்கினால் கை பாதியிலேயே நின்றுவிடும். ஆனால் ஜன்னல் கம்பிக்கு மெல்லிய பிரஷ்ஷைப் பிடித்தால் விரல் கொஞ்சமும் பிசகாது. அதுவே வினையாகிப் போனது. "சின்ன வேலைன்னா கை வருது, பெரிய வேலைன்னா மட்டும் வர மாட்டேங்குதாக்கும்" என்றான் மேஸ்திரி. மேஸ்திரி வேறு யாருமில்லை, சாமியாரின் மனைவிக்குத் தம்பி.

அடுத்து தொடை. குந்தி உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். ஒருநாள் பட்டப்பகலில் தெருவிலேயே சரிந்தான். பெயிண்டர் தெருவில் விழுந்தால் ஊர் என்ன நினைக்கும்?

ரத்தப் பரிசோதனையும் ஊரோடு சேர்ந்துகொண்டது. பக்கத்துத் தெரு டாக்டர் தாளைப் பார்த்தார், பெயிண்ட் அப்பிய நகத்தைப் பார்த்தார். "கல்லீரல் கெட்டுக் கெடக்கு. எவ்வளவு நாளா குடிக்கிறீங்க?"

மேஸ்திரி அவனை வேலையிலிருந்து நிறுத்தினான். மனைவி பேச்சை நிறுத்தினாள். பேசினாலும் ஒரே பல்லவி: "விட்டுடுங்க." தொட்டதே இல்லை என்று சொல்லிச் சொல்லி அவனுக்கு வாய் வலித்தது. கடைசியில் அலுத்துப்போய், "சரி, விட்டுடுறேன்" என்றான்.

அவள் முகம் மலர்ந்ததே! தம்பியிடம் ஓடிப்போய் மறுபடி வேலைக்குச் சேர்க்கச் சொன்னாள். அசட்டு மனுஷன், அந்தச் சிரிப்புக்காகவே பொய்யைக் கட்டிக் காத்தான். உடம்புக்கு இந்த ஏற்பாடெல்லாம் எங்கே தெரியும்? கொஞ்ச நாளில் ஏணியிலிருந்து விழுந்தான்.

"மறுபடி ஆரம்பிச்சாச்சா மாமா?" மேஸ்திரி குனிந்து வாயை முகர்ந்தான். வாடை இல்லை. "பலே ஆளுதான்" என்றான்.

அடிபட்ட காலைக் காட்டப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கிருந்த டாக்டரம்மா காலை விட்டுவிட்டு உப்பியிருந்த விரல்களைப் பார்த்தார். "குளிர்ல வெளுத்துப் போகுமா?"

"பல வருஷமாவே. பெயிண்ட் கரைக்கிற தின்னர்ல கை வைக்கிறதாலன்னு நெனச்சேன்."

இன்னும் சில பரிசோதனைகள் எடுத்த பிறகு மனைவியையும் உட்காரவைத்துச் சொன்னார்: "உடம்போட எதிர்ப்பு சக்தியே இவரைத் தாக்குது. தசையெல்லாம் அழற்சி. கல்லீரல் கெட்டா ரத்தத்துல எந்தப் பொருள் கூடுமோ, அதே பொருள் தசை கெட்டாலும் கூடும். குடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

"மருந்து குடுத்தா சரியாயிடுமா?"

"அடக்கி வைக்கலாம். போன பலம் எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒரு வார்த்தை, மன்னிச்சிடுங்க என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வாள் என்று அவன் காத்திருந்தான். அவள் அவன் கையைப் பார்த்தாள்.

"குடியா இருந்தா விட்டுத் தொலைச்சிருக்கலாம்" என்றாள். "நீங்க நெஜமாவே குடிச்சிருக்கக் கூடாதா?"