கெட்டிலில் போட்ட டெம்பரேச்சர் சென்சர்

எக்ஸ்கவேட்டர் இன்ஜின் சூடேறி நின்றுவிட்டது என்று போன் வந்தால், சர்வீஸ் ஆட்களில் பாதிப் பேர் ஒரு புது டெம்பரேச்சர் சென்சரைப் பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்புவார்கள். பழையதைக் கழற்று, புதியதை மாட்டு, கையெழுத்து வாங்கு. இந்தப் பழக்கத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன் என்பதற்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

பெங்களூரில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி ஓர் அபார்ட்மென்ட்டுக்கு பேஸ்மென்ட் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கீழே முழுக்கக் கருங்கல். பக்கெட்டைக் கழற்றிவிட்டு பிரேக்கர் மாட்டிப் பாறை உடைத்துக்கொண்டிருந்த மெஷின் திடீரென்று நின்றுவிட்டது. டீலர் சர்வீஸிலிருந்து நான் போய்ப் பார்த்தபோது இன்ஜின் சுற்றவே இல்லை. சூட்டில் உள்பாகங்கள் இறுகி, சீஸ் ஆகியிருந்தது.

மெஷின் ஓனர் வெங்கடேசப்பா கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். ஆபரேட்டர் பாஸ்கருக்கு வீடு தமிழர்கள் நிறைந்த நீலசந்திராவில். நான் பள்ளத்தில் இறங்குவதற்குள் விசாரணை, தீர்ப்பு எல்லாமே முடிந்திருந்தது. பாஸ்கர் போன் பார்த்துக்கொண்டே ஓட்டினார், மீட்டர் சிவப்புக்குப் போனதைக் கவனிக்கவில்லை என்று ஓனர் எல்லார் முன்னாலும் திட்டித் தீர்த்திருந்தார். வேலையிலிருந்து நிறுத்துவது மட்டுமில்லை, தெரிந்த ஓனர்களிடமெல்லாம் சொல்லிவைக்கப் போவதாகவும் சொல்லியிருந்தார். இன்ஜினைக் கொன்றவன் என்று பேர் எடுத்தவனுக்கு இந்த ஊரில் யாரும் சாவி கொடுக்க மாட்டார்கள்.

பாஸ்கர் பதிலுக்குக் கத்தவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார்.

"முள்ளு நடுவுலயேதான் சார் இருந்துச்சு. அலாரமும் அடிக்கல. பவர் கம்மியாவுதேன்னு பாக்கறதுக்குள்ள நின்னுபோச்சு."

நான் பாதிதான் நம்பினேன். சீஸ் ஆன எல்லா மெஷினின் ஆபரேட்டரும் இதைத்தான் சொல்வார்கள்.

ரேடியேட்டர் டேங்க்கைப் பார்த்தேன். தண்ணீர் இருந்தது. அப்படியென்றால் ஒன்று சென்சர் கெட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பாஸ்கர் பொய் சொல்லியிருக்க வேண்டும். இந்தப் பழைய மாடலில் எரர் கோடு எதுவும் சேமிப்பில் நிற்காது. எனவே கையால் சோதிப்பதே வழி. சைட் வாசலில் டீ விற்பவரிடம் கெட்டிலில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வாங்கி வரச் சொன்னேன். சென்சரைக் கழற்றி, அதன் ஒயரிலேயே மறுபடி மாட்டி, நுனியைக் கெட்டிலில் விட்டேன். சைட் சூப்பர்வைசரிடம், கேபினில் சாவியை ஆன் செய்து, மானிட்டரில் முள்ளுக்குப் பதிலாக டிகிரியை எண்ணாகக் காட்டும் சர்வீஸ் திரையைப் படிக்கச் சொன்னேன். சூப்பர்வைசர் தொண்ணூற்றாறு என்றார். பெங்களூர் உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான். சென்சரில் குறையில்லை, ஒயரில் குறையில்லை, மீட்டரிலும் குறையில்லை.

ஓனர் பாஸ்கரைப் பார்த்துக் கையை விரித்தார். "சென்சார் சரியா இருக்குதல்லா? அப்புறம் என்ன பேச்சு?"

என்னுடைய சோதனையே பாஸ்கரின் கழுத்தில் கயிற்றைப் போட்டுவிட்டது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. இன்ஜினைக் குளிர்விக்க ஊற்றும் கூலண்ட் என்றால் பச்சை நிறம் இருக்க வேண்டும். டேங்க்கில் இருந்தது வெறும் குழாய்த் தண்ணீர்.

யார் ஊற்றியது என்று கேட்டேன். மெஷின் நின்றதும் ஸ்டார்ட் ஆகுமா என்று பார்க்கத் தான்தான் ஊற்றியதாக சூப்பர்வைசர் பெருமையாகவே சொன்னார். எவ்வளவு என்று கேட்டதற்கு, பெரிய கேன் ஒன்று முழுதாக, இன்னொன்றில் கொஞ்சம் என்றார். ஏறக்குறைய அந்த மெஷின் மொத்தமாகக் கொள்ளும் அளவே அதுதான். அப்படியென்றால் மெஷின் நின்றபோது உள்ளே கூலண்டே இருந்திருக்காது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். எனக்கு வந்த கோபத்தை டீயோடு சேர்த்து முழுங்கினேன்.

மெஷினுக்கு அடியில் படுத்து அடித்தகட்டைக் கழற்றினேன். ரேடியேட்டரின் கீழ் ஹோஸில் விரிசல். பிரேக்கர் அடிக்கும் அதிர்வில் வாய்பிளந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருக்கிறது. பள்ளத்தில் ஏற்கெனவே ஊற்றுத் தண்ணீர் நின்றதால் யார் கண்ணிலும் படவில்லை.

ஓனரையே கேபினில் ஏறி உட்காரச் சொன்னேன். மறுபடி கொதிநீர் வாங்கி, சென்சரை உள்ளே விட்டேன். தொண்ணூற்றாறு என்று அவரே படித்தார். பிறகு நுனி தண்ணீரைத் தொடாதபடி, கெட்டிலின் வாய்க்குள்ளேயே லேசாகத் தூக்கிப் பிடித்தேன். கீழே தண்ணீர் கொதித்த சூட்டோடுதான் இருந்தது. அவர் படித்த எண்கள் இறங்கிக்கொண்டே போயின. எழுபத்தெட்டு என்றதும் படிப்பதை நிறுத்திவிட்டார்.

சென்சர் இருப்பது இன்ஜினின் உச்சியில். தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அந்த இடம்தான். இன்ஜினுக்குள் இருக்கும் காற்று கெட்டில் ஆவியைவிடச் சூடாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் தண்ணீர் சூட்டைக் கொண்டுவந்து சேர்ப்பதுபோல் காற்று சேர்க்காது. இன்ஜின் வெந்துகொண்டிருக்க, முள் நடுவிலேயே நிற்கும். பாஸ்கர் கண்டதைத்தான் சொல்லியிருந்தார்.

"சரி சார். தண்ணி கொறஞ்சா லெவல் அலாரம் அடிக்கணுமே?" என்றார் ஓனர். நியாயமான கேள்வி. டேங்க்கின் லெவல் சுவிட்சைத் தேடிப் போனேன். அதிலிருந்து வரும் இரண்டு ஒயரையும் வெட்டி, ஒன்றாக முறுக்கி, டேப் சுற்றியிருந்தது. இப்படிச் செய்தால் டேங்க் காலியானாலும் மெஷின் நிறைந்திருப்பதாகவே நினைத்துக்கொள்ளும்.

அந்த டேப்பைப் பார்த்ததும் வெங்கடேசப்பா கீழே இறங்கினார். சரிவில் மெஷின் சாய்ந்தபோதெல்லாம் அலாரம் கத்தி வேலை நிற்கிறது என்று, போன சைட்டில் அவர்தான் அதை ஜாயின் பண்ணச் சொல்லியிருக்கிறார். மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. எந்த ஆட்கள் முன்னால் திட்டினாரோ அதே ஆட்கள் முன்னால் சொன்னார்.

"தப்பு பாஸ்கரோடது இல்ல. அந்த ஒயர நான்தான் சேர்க்கச் சொன்னேன்."

எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை வந்தது அப்போதுதான்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டெம்பரேச்சர் சென்சர் இன்ஜினின் சூட்டைச் சொல்வதில்லை. தன்னைத் தொட்டுக்கொண்டிருப்பதன் சூட்டைச் சொல்கிறது. ஆகவே அதை மாற்றுவதற்கு முன் அதைத் தொட்டுக்கொண்டிருந்தது எது என்று பாருங்கள். மெஷின் நின்றதிலிருந்து நீங்கள் போய்ச் சேரும்வரை யார் எதில் கைவைத்தார்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

நான் கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது ஓனர் பாஸ்கரின் தோளில் கைபோட்டு, பள்ளத்தின் மறுபக்கம் நின்ற தன்னுடைய இன்னொரு மெஷினைக் காட்டினார். நாளையிலிருந்து அதை ஓட்டச் சொன்னார். பாஸ்கர் அந்த மெஷினைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"அதுலயும் ஒயர் சேர்த்து வெச்சிருக்குதா அண்ணா?"

வெங்கடேசப்பா ஆமாம் என்று தலையாட்டினார்.

"அத மொதல்ல பிரிச்சு விடச் சொல்லுங்க. அப்புறமா வரேன்."

ஓனர் என்னைப் பார்த்தார். நான் மூடிய பையைத் திறந்து, கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு நடந்தேன்.