தோள் கொடுத்த மேயர்

ஆஷ்வெல் நகரத்துக்கு எங்கள் ஐரிஷ் ஜனத்திலிருந்து வந்த முதல் மேயர் மலாக்கி டூஹி. அவர் கையைப் பிடித்தவர்கள் பெருமைப்பட்டார்கள். எனக்குக் கையைக் கழுவத் தோன்றும்.

எங்கள் ஐரிஷ் மண்ணில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது கப்பலேறி அமெரிக்கா வந்தவர். கால்வாய் வெட்டினார், பிறகு சாராயக்கடை வைத்தார். மேடைப் பேச்சு வராது. அவருக்குத் தெரிந்த அரசியல் சாவு வீடுதான்.

எங்கள் ஜனம் மனிதனை அங்கேதான் எடைபோடும். வந்தானா, சவப்பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டானா, அங்கே தரும் புகையிலைச் சுங்கானை வாங்கிப் புகைத்தானா, தோள் கொடுத்தானா? கொடுத்துவிட்டால் வேறெதுவும் கேட்பதில்லை. மலாக்கி ஒரு சாவையும் விடவில்லை. பெட்டியின் முன்பக்க வலது மூலை எப்போதும் அவருடையது.

சாவுக்கும் குறைவில்லை. தோல் பதனிடும் ஆலையின் கழிவு, திறந்த ஓடையாக எங்கள் கீழத்தெருக் கிணற்றை ஒட்டிப் போனது. குடிக்கிற தண்ணீரில் நுரை மிதக்கும், மயிர் மிதக்கும். கோடைதோறும் வயிற்றுப்போக்கு. ஆலை முதலாளி மேயருக்கு வேண்டியவர். ஓடையைத் திருப்பச் சொல்லிக் கேட்டவர்களுக்கெல்லாம், "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்பார்.

அந்தக் கோடையில் எங்கள் தெரு ஃபெர்கஸ் க்வில்டி செத்துப்போனான். அதே நோயில் அவன் மகள் பிரிஜட் உள்ளறையில் கிடந்தாள். பெட்டி எடுக்கும் காலையில் மேயர் வந்து அழுக்குத் தரையில் மண்டியிட்டு, பிணத்தின் நெற்றியில் முத்தமிட்டார்.

"தங்கமான மனுஷன், ஹொனோரா" என்றார் ஃபெர்கஸின் மனைவியிடம்.

"அந்த ஓடையை எப்பத் திருப்புவ, மலாக்கி?"

"சாவு வீட்ல பேசுற பேச்சா இது, தாயி?"

"ஆபீசுக்கு வந்தப்பவும் இது இடமில்லேன்ன. எங்கதான் பேசுறது? எம் பொண்ணு பெட்டிக்குப் பக்கத்துலயா?"

மேயர் பெட்டியின் மூலைக்குக் குனிந்தார். ஹொனோரா நடுவில் வந்து நின்றாள்.

"நீ தொடாத. தள்ளிப் போ."

அடுத்த வீட்டு டீலியா பாய்ந்து வந்தாள்.

"அடிப்பாவி! சாவுக்கு வந்தவனை யாராச்சும் வெரட்டுவாங்களா? எம் பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் இவன்தான்டி தோள் குடுத்தான். மேயராயிருந்தும் சேத்துல நடந்தான்!"

"ரெண்டும் எதனால செத்துச்சு, டீலியா?"

"அது ஆண்டவர் சித்தம். தோள் குடுத்தது மலாக்கி."

கிழவன் ஒருவன் முணுமுணுத்தான்: "நான் செத்தா இவளைக் கூப்பிடாதீங்க. என்னையும் தூக்க ஆளில்லாமப் பண்ணிருவா."

மேயர் வாசலைத் தாண்டி வெளியே போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சுங்கானை மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறினார்கள். மழையில் தொப்பியைக் கழற்றி நின்ற மேயரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் அழுதுகொண்டிருந்தார். அது நடிப்பில்லை, பக்கத்திலிருந்து பார்த்தேன். நடிப்பவனை என்றைக்காவது பிடித்துவிடலாம். தான் சாகவிட்டவனுக்காக உண்மையாகவே அழுகிறவனை எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவது? முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரைவிட, அந்தக் கண்ணீரைத் துடைக்கத் துணி நீட்டிய டீலியாவைப் பார்த்து.

பெட்டியைத் தூக்க மிஞ்சியது ஃபெர்கஸின் தம்பி, கூலிக்கு வந்த வண்டிக்காரன், நான், நாலாவது மூலையில் ஹொனோரா. பெண் தூக்கிய பெட்டியைத் தெரு அன்றுதான் பார்த்தது. பின்னால் கொஞ்ச தூரம் விட்டு மேயர் வந்தார், அவரோடு மொத்தத் தெருவும்.

மண் போட்டதும் ஹொனோரா வீட்டுக்குத் திரும்பி, போர்வையில் சுற்றிய மகளைக் கொண்டுவந்து அந்த வண்டிக்காரனின் வண்டியில் கிடத்தினாள். மலைப்பக்கம் இருந்த அவள் தங்கை வீட்டில் ஊற்றுத் தண்ணீர். வண்டி போனபோது தெருவில் ஒரு சன்னலும் திறக்கவில்லை.

நவம்பரில் கீழத்தெரு ஆண்கள் ஒருவர் விடாமல் மலாக்கிக்கு வாக்களித்தார்கள், ஃபெர்கஸின் தம்பியும் நானும் தவிர. ஓடை இருந்த இடத்திலேயே ஓடியது. பிரிஜட் பிழைத்துவிட்டாள் என்று தங்கை ஊரிலிருந்து சேதி வந்தபோது டீலியாவிடம் சொன்னேன்.

"அவளுக்கென்ன," என்று சொல்லி, அதே கிணற்றிலிருந்து குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.